முன்னூறாவது லெவல்

முன்னூறாவது லெவலில் நான் பத்தொன்பது நாள் நின்றேன். நின்றேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் அந்தப் பத்தொன்பது நாளும் போனை முறைத்துப் பார்த்து, திட்டி, கட்டிலில் வீசி, கண்ணாடி விரிசல் விட்டிருக்குமோ என்று பயந்து மறுபடி எடுத்துத் துடைத்து, அதே லெவலைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாகத் தேயிலை மலையில் வேலை. ஒரே கலரில் மூன்று உருண்டையை வரிசையாகச் சேர்த்தால் உடைந்துபோகும் ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டில் நான் இப்படி விழுந்து கிடந்ததற்குக் காரணம் பொழுதுபோக்கு இல்லை. பொறாமை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரரின் தம்பியும் அவர் மனைவியும். தம்பி கோலா தெர்லா என்ற ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஈப்போவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். பிரிஞ்சாங் டவுனில் ஸ்ட்ராபெரி ஜாம் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வயது இருபத்தேழு. என் மகளுக்குப் பத்தொன்பது. முறைக்குச் சித்தி என்றாலும் பார்க்கிறவர்கள் அக்கா தங்கச்சி என்றுதான் நினைப்பார்கள். அவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

சாயங்காலம் ஆனால் மகள் அங்கே போய்விடுவாள். கேட்டால், "சித்தி வீட்டுல வைஃபை இருக்கும்மா" என்பாள். எங்கள் லயத்தில் போன் லைன் ஒழுங்காகக் கிடைக்காது. மேலே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு வரும். அதனால் வைஃபை என்று சொல்லிவிட்டால் என் வாய் அடைத்துப்போகும். இந்தப் பக்கம் நான் வெங்காயம் நறுக்குவேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் மகள் என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தால் வெங்காயம் இல்லாமலேயே கண்ணில் தண்ணீர் வரும். நான் வைக்கிற மீன் குழம்பைத் தட்டில் தள்ளித் தள்ளி வைக்கிறவள், அங்கே போய் மெகி மீ, அந்த பாக்கெட் நூடுல்ஸை, அவித்துத் தின்றுவிட்டு வருவாள். தலைமுடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். நகத்துக்கு ஊதா கலர் பூசிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். எல்லாம் சித்தி.

ஜொகூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியும் எனக்கு இரண்டாவதாகத்தான் தெரியும். போனுக்கு வந்த கடிதம். வைஃபை இருக்கிற வீட்டில் திறந்தாள். சுவர் வழியாக ஒரு கூச்சல் கேட்டு, பாம்புதான் வந்துவிட்டது என்று நான் கையில் கரண்டியோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா, கிடைச்சிருச்சும்மா" என்று அப்புறம் என்னிடம் வந்தாள். வந்தாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்புறம்தான் வந்தாள்.

மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவாள் என்று ஆனது. அந்த மூன்று மாதமாவது அவள் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. சிரிப்பு எல்லாம் அந்தக் கலர் விளையாட்டில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். விளையாட்டுக்குள்ளே ஒரு குரூப் வைத்திருக்கிறார்களாம். ஒருவருக்கு உயிர் தீர்ந்துபோனால் மற்றவர் அனுப்பலாமாம், பேசிக்கொள்ளலாமாம், படம் அனுப்பலாமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனை மகளிடம் நீட்டி, எனக்கும் போட்டுக் கொடு என்றேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"ஏன், எனக்குக் கை இல்லயா? போட்டுக் குடு. அந்த குரூப்புலயும் சேத்து விடு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். "குரூப்புல சும்மா சேர முடியாதும்மா. முன்னூறு லெவல் முடிச்சிருக்கணும். சித்தி அப்படி செட் பண்ணிருக்காங்க."

ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். என் மகளை உள்ளே வைத்து, எனக்கு வெளியே வேலி போட்டிருக்கிறாள் ஈப்போக்காரி. முன்னூறு என்ன, மூவாயிரம் வை, வருகிறேன் என்று அன்றைக்கே ஆரம்பித்தேன்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, எல்லோருக்கும் முன்னால் போய் ஒரு ஓரமாக நின்று ஆடுவேன். மலையில் கொழுந்து நிறுக்கும்போது, என் மூட்டைக்கு முன்னால் நாலு மூட்டை இருந்தால் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். பங்களாதேசப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கங்காணி மட்டும், "போன்ல என்னா பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது லெவல் முடித்தேன். ஒவ்வொரு நாளும் மகளிடம் நம்பர் சொல்வேன். முதலில் "சூப்பர்மா" என்றாள். இருநூற்றைம்பதுக்கு மேல் போனதும் "ம்" என்று மட்டும் சொன்னாள். பொறாமையில் இருப்பவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் தப்பாகக் கேட்கும். சித்தி சொல்லிக் கொடுத்த "ம்" என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தது முன்னூறு. கீழே மூன்று வரிசையும் மரப்பெட்டி. பெட்டிக்கு மேலே பனிக்கட்டி. பக்கத்தில் ஏதாவது உடைந்தால்தான் பனி உருகும். இன்னொரு தடவை உடைந்தால்தான் பெட்டி உடையும். எல்லாப் பெட்டியையும் உடைக்க இருபத்துநாலு நகர்த்தல்தான் தருவான். நான் மேலே கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் விறுவிறுவென்று சேர்ப்பேன். சிவப்பு மூன்று, பச்சை நான்கு, மஞ்சள் மூன்று. கை நிற்காது. இருபத்துநாலும் தீர்ந்துபோகும். கீழே பார்த்தால் பெட்டி எல்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு உயிர் போய்விடும். மொத்தம் ஐந்து உயிர்; போன உயிர் ஒவ்வொன்றும் திரும்பி வர அரை மணி நேரம். ஐந்தையும் விட்டுவிட்டு வெறுமனே காத்திருப்பேன்.

ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. நாள்காட்டியில் மகள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பன்னிரண்டாவது நாள், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஓரகத்தி வாளியோடு வந்து நின்றாள். "எத்தனாவது லெவல்ல இருக்கீங்கக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"வேலிய நீயே போட்டுட்டு எத்தனாவதுன்னு என்னையவே கேக்குறியா? என் மகள என்கிட்டருந்து பிரிச்சாச்சு. மெகி மீ குடுத்துப் பிரிச்ச, நகத்துக்கு மை பூசிப் பிரிச்ச. இப்ப முன்னூறு முடிச்சாத்தான் பெத்தவ உள்ள வரணுமா?"

சோப்பு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "முன்னூறுன்னு யாருக்கா சொன்னா?"

"என் மகதான் சொன்னா. நீதான் அப்படி செட் பண்ணியாம்."

கொடியில் என் மகளுடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓரகத்தி அதைப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா. நான்தான்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு துவைக்காமலேயே உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று குழம்பில் உப்பு போட்டது ஞாபகம் இல்லாமல் இரண்டாவது தடவையும் போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. மகளுக்குப் பெட்டி, குளிர்சட்டை எல்லாம் வாங்க பிரிஞ்சாங் பசார் மாலாமுக்கு, அந்த ராத்திரிச் சந்தைக்கு, போக வேண்டும். என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் பெட்டி வைக்க இடமில்லை. வேறு வழி இல்லாமல் ஓரகத்தியின் காரில்தான் போனோம். நாலரை மணிக்கே கூட்டம். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மகள் குடையை எடுத்துக்கொண்டு பெட்டி விற்கும் கடைக்கு ஓடினாள். காரில் நானும் ஓரகத்தியும் மட்டும். கண்ணாடியில் மழை வழிந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நான் போனை எடுத்து முன்னூறைத் திறந்தேன்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பத்து நகர்த்தல் போட்டிருப்பேன். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னா சிரிப்பு?"

"இல்லக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வெளயாடல. கொழுந்து எடுக்குறீங்க."

என் கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போனின் மேல்பாதியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சின்ன வயதில் கையால் கிள்ளிய பழக்கம். இப்போது பெட்டி பொருத்திய கத்திரிக்கோலால் வெட்டுகிறோம் என்றாலும் விதி மாறவில்லை. செடியின் மேல்மட்டத்தில் துளிர்த்திருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். கீழே முற்றிய இலையில் கை போகக் கூடாது. போனால் கங்காணியிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இருபத்தெட்டு வருடம் அப்படியே பழகிய கை, முன்னூறு லெவலாக மேலே தெரிந்ததைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறது.

"கீழருந்து ஒடைக்கணும்க்கா. கீழ ஒண்ணு ஒடஞ்சா மேல இருக்கறது எல்லாம் எறங்கி, தானாவே நாலஞ்சு சேரும்லா. மொத எட்டு நகத்தல் பெட்டி பக்கத்துலயே போடுங்க. மேல எவ்ளோ ஈஸியா தெரிஞ்சாலும் தொடாதீங்க. அஞ்சு ஒரே கலர் ஒண்ணாச் சேந்தா ஒரு குண்டு குடுப்பான். அத ஒடனே வெடிக்காம கடைசி வரிசைக்கு எறங்கற வரைக்கும் வெச்சுக்குங்க."

"அடியில கை வெச்சா செடி வீணாப் போயிரும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"இது செடி இல்லக்கா" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதனாலேயே எரிச்சலாக இருந்தது. "எனக்கும் தெரியும்" என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவள் முன்னால் அதைச் செய்து காட்ட என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் அவள் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேலே பச்சை மூன்று பளிச்சென்று தெரிந்தது. விரல் துடித்தது. தொடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போட்டேன். மேலே இருந்ததெல்லாம் சரசரவென்று இறங்கியது. நான் தொடாமலேயே இரண்டு இடத்தில் உடைந்தது. எட்டு நகர்த்தலில் பனி முழுக்கப் போய்விட்டது. குண்டு வந்தது. வைத்துக்கொண்டேன். இன்னும் மூன்று நகர்த்தல் மிச்சம் இருக்கும்போது கடைசிப் பெட்டி உடைந்து, போனில் மேளதாளம் அடித்தது. பத்தொன்பது நாள் முடியாதது ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்தச் சத்தம் பலகைச் சுவர் தாண்டிப் போயிருக்கிறது. ஓரகத்தி பின்வாசலுக்கு வந்தாள். "முடிச்சிட்டீங்களாக்கா?" அவள் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

"முடிச்சிட்டேன். இப்ப குரூப்புல எப்படி சேர்றது, சொல்லு."

சந்தோஷம் நின்றுபோனது. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. இன்னிக்கு அவ கெளம்பற நாளு, ஆயிரம் வேல இருக்கு."

இன்னும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிக்கு ஏறினேன். இரண்டு கோடு வந்தது. தேடிப் பிடித்துக் குரூப்பைத் திறந்தேன். ஆள் அதிகம் இல்லை. இரண்டே பேர். கீழே இருந்தது ஓரகத்தியின் படம். மேலே, ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் என் மகளின் படம். அதன் தலையில் ஒரு சின்னத் தங்கக் கிரீடம். பக்கத்தில் மலாயில் 'கெத்துவா' என்று போட்டிருந்தது. தலைவி. குரூப்பை ஆரம்பித்தவள் அவள். முன்னூறு என்று வைத்தவளும் அவள்தான். அதற்குக் கீழே 'சேர்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டு நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் போல இருந்தது. பெற்று, பாலூட்டி, மலையில் முதுகு ஒடிய வளர்த்தவளுக்கு முன்னூறு லெவலா? கொஞ்சம் ஆறியதும் வேறொன்று தோன்றியது. என் காது எட்டாத ஒரு இடம் அவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது. பலகைச் சுவர் வீட்டில் அது எங்கே கிடைக்கும்? அம்மா எங்கே முன்னூறு வரைக்கும் வரப்போகிறாள் என்று நினைத்து வைத்திருப்பாள். நான் நெருங்க நெருங்க அந்த "ம்" ஏன் சின்னதாகிக்கொண்டே போனது என்று இப்போதுதான் புரிந்தது.

ஓரகத்தியை நினைத்தேன். நாலு பேர் முன்னால் அவ்வளவு கேட்டேன். "ஆமாக்கா, நான்தான்" என்று வாங்கிக்கொண்டு போனாள். நன்றி வர வேண்டிய இடம். எனக்கு வந்தது பொறாமைதான். என் மகளுக்காகத் திட்டு வாங்கும் பாக்கியமும் அவளுக்கே போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. பச்சைப் பொத்தானைத் தொடாமல் போனை மூடிவிட்டு இறங்கினேன்.

பதினோரு மணிக்கு மகள் நெற்றியில் திருநீறோடு வந்தாள். தானா ராத்தாவில் இரண்டு மணிக்குப் பஸ். ஒரு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். பெட்டியைப் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "முன்னூறு முடிஞ்சிருச்சாம்மா?"

கேட்ட குரலில் பயம் இருந்தது. நான் அவளைப் பெற்றவள், அது எனக்குத் தெரியாதா?

"எங்க முடிஞ்சிச்சு. அப்படியே நிக்குது" என்றேன்.

அவள் தோள் இறங்கியது. சிரித்தாள். "குடுங்க, நான் சொல்லித் தரேன்."

முடித்த லெவலையும் திரும்ப ஆடலாம் என்று எனக்குத் தெரியும். நானே முன்னூறைத் திறந்து வைத்துக்கொண்டேன். பாயில் என்னை ஒட்டி உட்கார்ந்து, தாடையை என் தோளில் வைத்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு. ஐந்து உயிரும் நிரம்பியிருந்தது. நான் மேலே தெரிந்த மஞ்சளைச் சேர்த்தேன்.

"ஐயோ அம்மா, மேல இல்ல. அடியில, அடியில."

"அடியில எங்க?"

"இங்கம்மா." என் விரலைப் பிடித்து நகர்த்தினாள். அடுத்த நகர்த்தலில் என் விரல் மறுபடி மேலே போனது. அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அதே சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் நான் இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு. ஒரு உயிர் போயிற்று. இரண்டு போயிற்று. ஒரு தடவை கைதவறி நல்ல இடத்தில் போட்டுவிட்டேன்; பெட்டி மளமளவென்று உடைய ஆரம்பித்தது. ஜெயித்துவிடுவேனோ என்று பயந்து, வந்த குண்டை மேலேயே வெடித்து வீணாக்கினேன்.

நாலாவது உயிரில் ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள். கையில் பஸ்ஸில் சாப்பிட நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். போனைப் பார்த்தாள். முன்னூறு என்று போட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"சித்தி, வாங்க, அம்மா என்னா பண்றாங்கன்னு பாருங்க" என்றாள் மகள்.

"நீங்க வெளயாடுங்க. நான் போயி காடிய எடுத்து வெளிய விடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்றைக்கு அவள் வெளியே, நான் உள்ளே. அவள் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ஐந்தாவது உயிரும் போனது. "பரவால்லம்மா. நான் அங்க போயி போன்ல சொல்லித் தரேன்" என்று எழுந்து பெட்டியைத் தூக்கினாள்.

சொன்னபடியே செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் தண்ணித் தொட்டிக்கு ஏறிப் போய் நிற்பேன். ஓரகத்தி வீட்டில் வைஃபை இருக்கிறது, அங்கே போய்ப் பேச மாட்டேன். ஓரகத்தி இப்போது தொள்ளாயிரத்தில் இருக்கிறாளாம். அதைக் கேட்டால் இன்னும் எரியத்தான் செய்கிறது. நான் அறுநூற்று நாற்பதில் இருக்கிறேன், அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"என்னம்மா, முன்னூறு முடிஞ்சிருச்சா?" என்பாள் மகள்.

"இல்லம்மா."

"இன்னும் மேலருந்துதான் எடுக்குறீங்களா?"

"ஆமா. கை கேக்க மாட்டேங்குது. மறுபடி மொதல்லருந்து சொல்லு" என்பேன். அவள் சொல்ல ஆரம்பிப்பாள்.